குடும்ப ஜெபமும் சபையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். உங்கள் கட்டுரைகளை இரண்டு வருடமாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. கோவையில் ஒரு சபையில் சண்டே ஸ்கூல் பொறுப்பில் இருக்கிறேன். பதிவேட்டில் 70 பிள்ளைகள், ஞாயிறு காலை வருவது 45 பேர்தான். பெற்றோர் பலரும் கேட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். சென்ற மாதம் பிள்ளைகளிடம், "வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிறவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். ஏழு கைகள். அதிலும் இரண்டு பேர், "பாட்டி மட்டும் பண்ணுவாங்க" என்றார்கள். வருத்தத்தில் போதகரிடம் சொன்னேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அவர் பெற்றோரை வெளுத்து வாங்கிவிட்டார். அதற்கடுத்த வாரம் சண்டே ஸ்கூலுக்கே பத்துப் பேர் குறைவு. இப்போது பெற்றோர் கூட்டம் ஒன்று நடத்தலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம். வீட்டில் நடக்க வேண்டியதற்குச் சபை என்னதான் செய்ய முடியும்? கூட்டத்தில் நீங்கள் வந்து பேச முடியுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பத்துப் பேரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். அவர்களுக்குக் கோபம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்கென்னவோ அது கூச்சம் என்றுதான் படுகிறது. வீட்டுக்குள் என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை என்பதைப் பிள்ளை வாயாலேயே வாங்கி அதைப் பீடத்தில் ஏற்றியாகிவிட்டது, இனி எந்த முகத்தோடு கேட்டில் வந்து இறக்கிவிடுவார்கள்? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கணக்கெடுப்பை நீங்கள் செய்திருக்க வேண்டியதில்லை.

நாற்பது வயது அப்பா ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடியிலோ வங்கியிலோ வேலை, நாலு பேர் முன்னால் தயங்காமல் பேசுகிறவர். தன் பிள்ளைக்கு முன்னால் கண்ணை மூடி வாய்விட்டு ஜெபம்பண்ணச் சொன்னால் அவருக்கு வேர்த்துவிடும். ஏனென்றால் அவர் கேட்ட ஜெபமெல்லாம் போதகர்கள் செய்தவை: "சர்வ வல்லமையும் பரிசுத்தமும் நிறைந்த எங்கள் பரலோகப் பிதாவே" என்று தொடங்கிப் பத்து நிமிடம் நிற்காமல் ஓடுகிறவை. அந்த மொழி தனக்கு வராது, அதனால் ஜெபமே தனக்கு வராது என்று முடிவுகட்டிவிட்டார். அப்புறம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுவந்து, ஜெபம் வருகிறவர்களிடம், அதாவது உங்களிடம், ஒப்படைத்துவிடுகிறார். நாம் சோம்பல் என்கிறோம். அவர் தன்னைத் தகுதியில்லாதவராக நினைத்துக்கொண்டிருக்கிறார். திட்டினால் இது சரியாகுமா?

சண்டே ஸ்கூல் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதை ஆரம்பித்தது, வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு ஞாயிறன்று தெருவில் சுற்றிய ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க. வேதாகமம்தான் பாடப்புத்தகம். கற்றுக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளுக்காக வந்த ஏற்பாடு அது. நம் கைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாப் பிள்ளைகளுக்குமான ஏற்பாடாகி, நாளடைவில் வீட்டுக்குப் பதிலான ஏற்பாடாகவும் ஆகிவிட்டது.

அதற்கும் 250 வருடம் முன்னால் ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர் இதே தலைவலியோடு உட்கார்ந்திருக்கிறார். 1528இல் சாக்சனிப் பகுதிச் சபைகளைப் போய்ப் பார்க்கிறார், ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை. அடுத்த வருடம் சிறிய ஞானோபதேசத்தை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்றுத்தருகிற சின்னக் கையேட்டை, எழுதுகிறார். அதன் முன்னுரையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் பெற்றோரைவிட ஆயர்கள்தான்! இதை உங்கள் போதகரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விதம் என்று போட்டிருக்கிறார். முதலில் அது வெளிவந்ததே சுவரில் மாட்டுகிற தாள்களாகத்தான். இராத்திரி ஜெபம் நாலைந்து வரிதான், அதைச் சொல்லி முடித்ததும் உடனே சந்தோஷமாகத் தூங்கப் போக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார் மனுஷன். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தமிழாக்கியவற்றில் இந்தச் சின்னப் புத்தகமும் உண்டு, ஆக நம் ஆட்களுக்கும் இது புதுச் சரக்கு இல்லை. வீட்டில் செய்யவில்லையே என்று புலம்புவதை விட்டுவிட்டு, வீட்டில் செய்கிற அளவுக்குச் சின்னதாக ஒன்றைச் செய்து கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். தூத்துக்குடிப் பக்கம் கிராமத்தில் வளர்ந்தவன் நான். இராத்திரி ஏழரைக்குப் பாய் விரித்துவிடுவார்கள். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு தாத்தாவின் ஜெபம். அவர் எங்கள் வீட்டில் கிளம்பி, சேகரம், திருமண்டலம், பிரதமர் என்று தேசம் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும்போது நான் பாய்மேல் முட்டிபோட்டபடியே தூங்கியிருப்பேன், முட்டியில் கோரைப்பாயின் தடம் வரி வரியாக விழுந்திருக்கும். அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தை இன்று எனக்கு நினைவில்லை. நினைவிலிருப்பது பாட்டியின் கைப்பிடி அரிசி. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவாள், கோயிலுக்கு. அள்ளுவது என் கை. என் கை சின்னது என்பதால் இரண்டு தடவை போடச் சொல்லுவாள். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி நின்றதில்லை, அன்றைக்கு மட்டும் ஒரு தடவை போட்டால் போதும் என்பாள். (மிசோரமில் இதே வழக்கம் 1910இலிருந்து சபையின் ஏற்பாடாகவே நடக்கிறது, பூஃபாய் தாம் என்று பெயர். நம் பக்கம் பல ஊர்களில் கவருக்குள் பணமாக மாறிவிட்டது. கவரில் பிள்ளைக்கு வேலை இல்லை.)

நான் அப்பாவானபோது என்ன செய்தேன் தெரியுமா? குடும்ப ஜெபத்தைப் பரீட்சை ஆக்கினேன். மகளிடம் வசனம் ஒப்பிக்கச் சொல்லுவேன், ஒரு வார்த்தை மாறினால் முதலிலிருந்து. பதின்மூன்று வயதில் அவளுக்கு இராத்திரி எட்டு மணியானால் தலைவலி வர ஆரம்பித்தது, எட்டரைக்குத் தானாகப் போய்விடும். ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது, நிறுத்தினேன். ஏறக்குறைய ஆறு மாதம் எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் அப்போது கணக்கெடுத்திருந்தால் என் மகள் கை தூக்கியிருக்க மாட்டாள்.

அப்புறம் திரும்ப ஆரம்பித்தது டியூஷனுக்குக் கூட்டிப்போகிற ஸ்கூட்டரில். பின்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அப்பாவின் முகம் தெரியாது, அப்பாவுக்கும் அவள் முகம் தெரியாது, அதனாலேயே வீட்டில் கேட்காததையெல்லாம் அங்கே கேட்பாள். ஒரு நாள் இரயில்வே கேட்டில் நிற்கும்போது, "அப்பா, நீங்க ஜெபம்பண்ணிக் கிடைக்காதது ஏதாவது இருக்கா?" என்றாள். இருந்தது. சொன்னேன். கேட் திறந்து பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்" என்று வருகிறதே, அந்த இரண்டாவது பாதியை அதுவரை நான் சும்மா வாசித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

சரி, சபை என்ன செய்யலாம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் சபையின் வாராந்திர அட்டவணையை எடுத்துப் பாருங்கள். செவ்வாய் பெண்கள் ஐக்கிய சங்கம், புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், சனி பாடகர் குழுப் பயிற்சியும் வாலிபர் கூட்டமும், நடுவில் கமிட்டி. பக்தியுள்ள குடும்பம் என்றால் அப்பா இரண்டு நாள், அம்மா இரண்டு நாள் வெளியே, பிள்ளை போனோடு வீட்டில். சபையே மாலை நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு, வீட்டில் ஏன் ஜெபம் இல்லை என்று சபையே கேட்பது நன்றாகவா இருக்கிறது? வாரத்தில் ஒரு மாலை சபையில் எந்தக் கூட்டமும் கிடையாது, வீட்டில் இருங்கள் என்று அறிவிக்கச் சொல்லுங்கள். உங்கள் கமிட்டியில் இதற்குத்தான் எதிர்ப்பு வரும்.

இரண்டாவது, வார்த்தையை வாயில் போட்டுக்கொடுப்பது. ஆராதனையின் முடிவில் போதகர் ஆசீர்வாதம் கூறுகிறார் அல்லவா, மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்கு முன் பெற்றோரை அவரவர் பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொல்லட்டும். எண்ணாகமம் ஆறில் உள்ள வரியை அவர் சொல்லச் சொல்ல இவர்கள் தங்கள் பிள்ளைக்குச் சொல்லட்டும்: "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்." முதல் தடவை அப்பாக்கள் அக்கம்பக்கம் பார்ப்பார்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். பரவாயில்லை. நாலைந்து மாதம் போனால் பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால், ஷூ லேஸ் கட்டிவிட்டு நிமிர்கிற நேரத்தில் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட முடியும். பத்து விநாடி வேலை. அதையும் குடும்ப ஜெபம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது உங்கள் கையிலேயே இருக்கிறது. வசனம் ஒப்பிக்கிற போட்டிக்கு டிபன் பாக்ஸ் கொடுப்பதைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கொடுத்து அனுப்புங்கள், அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்க. "உங்களுக்கு ஞானஸ்நானம் எங்கே நடந்தது, யார் தூக்கிக்கொண்டு நின்றார்கள்?" "சின்ன வயதில் எதற்குப் பயந்தீர்கள்?" பதிலை எழுதிக்கொண்டுவரச் சொல்லாதீர்கள், திருத்தாதீர்கள். யாத்திராகமத்தில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூருகிற பஸ்கா பண்டிகையின் ஏற்பாடே அப்படித்தானே இருக்கிறது: பிள்ளைகள் இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டும் என்று. கேள்வி பிள்ளையிடமிருந்து வருகிறது. கேட்கிறது தன் பிள்ளை என்றால் நம் ஐடி அப்பாவும் எதையாவது சொல்லித்தான் தீருவார்.

எல்லா வீடும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் பாருங்கள். அப்பா துபாயில் இருக்கிற வீடு உங்கள் சபையில் எத்தனை? அவருக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், இங்கே பிள்ளை தூங்கப்போகும்போது அவர் ரூமுக்கு வந்தே இருக்க மாட்டார். அந்த வீட்டுக்கு வீடியோ காலில் அவருடைய லீவு நாளில் ஐந்து நிமிடம் என்று பேசி வைக்கலாம். கணவருக்கு விசுவாசமே இல்லாத வீடுகளில் அம்மா சமையலறையில் நின்றபடி ஜெபம்பண்ணுவாள். அவளிடம் குடும்பத் தலைவர் நடத்த வேண்டும் என்று பேசுவது கொடுமை. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன், பவுல் நிருபத்தில் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான் பெயர் சொல்லி எழுதுகிறார். கணக்கெடுப்பில் "பாட்டி மட்டும்" என்ற அந்த இரண்டு பிள்ளைகளை நீங்கள் குறைத்து எண்ணியிருக்கிறீர்கள், அது எனக்கு உறுத்திற்று.

அப்பாக்களைப் பற்றி ஒன்று. வெர்ன் பெங்ட்சன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் தெற்குக் கலிபோர்னியாவில் 1970இலிருந்து பல தலைமுறைக் குடும்பங்களை முப்பது வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து பார்த்தார். பெற்றோரின் நம்பிக்கை பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதில் பெற்றோரோடு, முக்கியமாக அப்பாவோடு, பிள்ளைக்கு இருக்கிற நெருக்கம் பெரிய பங்கு வகிப்பதைக் கண்டார். அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். என் மகளின் தலைவலி அதைத்தான் சொன்னது, நான் கேட்கவில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்புக்கு முன்னால் நம் வீடுகளில் என்ன பேச்சு? பிரசங்கம் இழுவை, காணிக்கைக் கணக்கில் இடிக்கிறது, அடுத்த சபைத் தேர்தலில் எந்த அணி, யார் யாரை அடித்தார். பிள்ளை எலும்பைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிறது. ஞானஸ்நானத்தன்று உறுதிமொழி வாங்கிய சபை, வளர்ந்த பிள்ளை அந்த உறுதிமொழியைத் தானே ஏற்கத் தயாராகிற திடப்படுத்தல் வகுப்பு வரைக்கும் சங்கக் காணிக்கைக்கு மட்டும் கதவைத் தட்டினால் வீட்டில் வேறு என்ன பேசுவார்கள்? வருடத்துக்கு ஒரு தடவை போதகரோ நீங்களோ ரசீதுப் புத்தகம் இல்லாமல் போய் உட்காருங்கள். காபி குடியுங்கள், பிள்ளையிடம் அதன் நாய்க்குட்டியைப் பற்றிக் கேளுங்கள், ஒரு நிமிடம் ஜெபம்பண்ணிவிட்டு எழுந்து வாருங்கள். வராமல் போன அந்தப் பத்து வீட்டுக்கு முதலில். பிரசங்கத்தைப் பற்றி அவர்களே ஆரம்பித்தால், மன்னியுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். வெளியூரிலிருந்து ஆள் வந்து முக்கால் மணி நேரம் பேசினால், இதற்கும் தகுதியான ஆள் வேறு யாரோ என்றுதான் மறுபடியும் நினைப்பார்கள். உங்கள் சபையிலேயே மூன்று பேரை உட்காரவையுங்கள், நன்றாக நடத்துகிறவர் ஒருவர், ஆரம்பித்து விட்டுப்போனவர் ஒருவர், அந்தப் பாட்டிகளில் ஒருவர். மைக் வேண்டாம். சுண்டலும் டீயும் போதும். எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.