அந்தப் படத்தை எடுக்கலாமா?

கடிதம்:

வணக்கம். பெரம்பூரில் வசிக்கிறேன். என் பாட்டி வைத்துக் கும்பிட்ட பழைய உக்கிர நரசிம்மர் படம் இப்போது எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. இரணியனை மடியில் கிடத்திக் கிழிக்கும் கோலம். பக்கத்து வீட்டு மாமி, "உக்கிர தெய்வம் குடும்பம் நடத்துற வீட்டுக்கு ஆகாதும்மா, சண்டை வரும்" என்கிறார். ஐந்து வயதில் பையன் இருக்கிறான். பயமாக இருக்கிறது. எடுத்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எடுக்காதீர்கள். உங்கள் பாட்டி அந்தப் படத்துக்கு விளக்கேற்றிக்கொண்டேதானே குடும்பம் நடத்தினார்?

பாகவதத்தில் பிரகலாதனுக்கும் ஐந்து வயதுதான். இரணியன் செத்த பிறகும் சிங்கத்தின் சீற்றம் அடங்கவில்லை. பிரம்மாவும் தேவர்களும் எட்ட நின்றே துதிக்கிறார்கள். லட்சுமியே கிட்டே போகத் தயங்குகிறாள். கடைசியில் பிரம்மா பையனைப் பார்த்து, நீ போ என்கிறார். அவன் நேராகப் போய்க் காலில் விழுகிறான். சற்று முன் தகப்பனின் மார்பைப் பிளந்த அதே கை அவனைத் தூக்கி, தலைமேல் படிகிறது. இந்த வாயும் பல்லும் நகமும் எனக்குப் பயமில்லை, இந்தப் பிறவிச் சுழல்தான் பயம் என்கிறான் பிள்ளை. இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

திருமங்கையாழ்வார் திருவல்லிக்கேணியில் பாடியதும் இந்தக் கதையைத்தான். பள்ளியில் ஓதி வந்த சிறுவன் என்றுதான் பாசுரத்தைத் தொடங்குகிறார். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும் பிள்ளை! அவன் வாயில் ஆயிரம் நாமம் வருவது தகப்பனுக்குப் பொறுக்கவில்லை. தூணை அறைகிறான். பிறை போன்ற பல், நெருப்புக் கண், பிளந்த வாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஆழ்வார் அந்தச் சிங்கத்துக்கு வைக்கும் பெயர் 'தெள்ளிய சிங்கம்'. கலங்காத, தெளிந்த சிங்கம். யாரைச் சீற வேண்டும், யாரைத் தொடக்கூடாது என்று தெரிந்த கோபம் அது. அல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் அவரைத் தெள்ளிய சிங்கர் என்றே கூப்பிடுகிறோம்.

போன மாதம் எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டது. மழைச்சாரல் அடித்ததும் ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி மேலே கொண்டுபோனது. காலையில் எலியைக் கடித்துக் குதறிய அதே வாய்தான். மூன்று குட்டிகளின் கழுத்திலும் ஒரு கீறல்கூட இல்லை, தொட்டுப் பார்த்தேன்.

மாமி மேல் கோபப்படாதீர்கள், அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் வீட்டில் சண்டை வந்தால் அது நம்மால் வருவது. சாமி மேல் பழி போட வேண்டாம்.

சரி, ஒன்று செய்யுங்கள். ஒரு சாயங்காலம் பையனைத் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலுக்குக் கூட்டி வாருங்கள். கிழக்கே பார்த்து மீசையோடு பெருமாள் நிற்பார். பின்பக்கம், மேற்கே பார்த்து, தனிக் கொடிமரத்தோடு யோகத்தில் உட்கார்ந்திருக்கிறார் நரசிம்மர். முதலில் அந்தச் சன்னதிக்குப் போங்கள். சித்திரைக் கடைசியிலோ வைகாசியிலோ நரசிம்ம ஜெயந்தி வரும். அன்றைக்கு வீட்டிலேயே வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்டுப் பானகம் கரைத்து, பாட்டியின் படத்துக்கு முன் வைத்து, முதல் டம்ளரைப் பையனுக்குக் கொடுங்கள்.