நாய் கொட்டாவி விட்டால் கிளம்பிவிடுங்கள்: தெரபி நாய் கேள்வி-பதில்

மருத்துவமனை வார்டுகளுக்குத் தெரபி நாயோடு, அதாவது நோயாளிகளுக்கு ஆறுதலாகப் பக்கத்தில் நிற்கிற நாயோடு, போய்வருகிறேன் என்று எழுதியதிலிருந்து கேள்விகள் நிற்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி இங்கே பதில் சொல்கிறேன். என் நாய்கள் இரண்டு: முதலில் தும்பி, அதற்கு ஓய்வு கொடுத்த பிறகு இப்போது மிளகு. இரண்டும் சம்பளமில்லாத ஊழியர்கள். நானும்தான்.

எங்கள் லாப்ரடார் யாரைப் பார்த்தாலும் பாய்ந்துபோய் முகத்தை நக்கும், அவ்வளவு பாசம். நோயாளிகளுக்குச் சந்தோஷமாக இருக்குமே, அழைத்துப் போகலாமா?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான். பாசம் வேறு, நிதானம் வேறு. வயிற்றில் தையலோடு படுத்திருப்பவர்மேல் முப்பது கிலோ பாசம் பாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வயதானவர்களின் கைத்தோல் மெல்லிசாக இருக்கும், நகம் லேசாக இழுத்தாலே கிழிந்துவிடும். இந்த வேலைக்கு வேண்டியது தானாகப் போய் விழுகிற நாய் இல்லை. பக்கத்தில் போய் நின்று, கை தன்னிடம் வரும்வரை காத்திருக்கிற நாய்.

அமெரிக்கன் கென்னல் கிளப் என்ற நாய் வளர்ப்போர் அமைப்பு 1989 முதல் நடத்தும் நற்பண்புத் தேர்வில் 10 சோதனைகள் உண்டு. அறிமுகமில்லாதவர் தடவும்போது அமைதியாக உட்காருவது, கயிறு தொய்வாக இருக்கும்படி நடப்பது, கூட்டத்துக்குள் போவது, இன்னொரு நாயைக் கண்டும் காணாததுபோல் கடப்பது, நீங்கள் மூன்று நிமிடம் கண்ணில் படாமல் போனாலும் பதறாமல் இருப்பது இப்படி. அந்தத் தேர்வை எழுதுகிறீர்களோ இல்லையோ, வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். தெரபி வேலைக்கு இன்னும் கொஞ்சம் கூடும்: சக்கர நாற்காலி, வாக்கர், முரட்டுத்தனமாகத் தடவும் கை, முதுகுக்குப் பின்னால் தடாலென்று விழும் தட்டு. நாய் திடுக்கிடக் கூடாது என்றில்லை. திடுக்கிட்டுவிட்டுச் சில நொடிகளில் தெளிந்தால் போதும்.

பலர் மறந்துவிடுகிற ஒன்று: தரை. வார்டுத் தரையில் மாத்திரை கிடக்கும். மனிதர்களின் வலி மாத்திரைகள் பல நாய்க்கு விஷம். சின்ன நாய்க்கு ஐபுபுரூஃபென் ஒன்றிரண்டு போனாலே வயிறு கெடும், அளவு கூடினால் சிறுநீரகமும் போகும். "விடு" என்றால் வாயருகே இருப்பதையும் விட்டுவிடும் நாய் அல்ல என்றால், மற்ற பயிற்சியெல்லாம் அப்புறம்.

உங்கள் லாப்ரடாருக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வயதுக்குள் என்றால் கவலையே வேண்டாம், இன்னும் ஒரு வருடம் கழித்து வேறு நாயாகிவிடும்.

எந்த இனம் சிறந்தது?

இனம் பெரிய விஷயமே இல்லை. உயரம்தான் கொஞ்சம் வசதியைத் தீர்மானிக்கும். கிரேஹவுண்ட் நின்றாலே தலை கட்டில் விளிம்புக்கு வந்துவிடும், படுத்திருப்பவர் கையை நீட்டினால் போதும். சின்ன நாயை மெத்தைமேலோ நாற்காலியிலோ உட்கார வைக்க வேண்டியிருக்கும். இந்தப் பணியின் வரலாற்றில் முதலில் சொல்லப்படும் பெயர் ஸ்மோக்கி. இரண்டு கிலோகூட இல்லாத யார்க்‌ஷயர் டெரியர். 1944-இல் நியூ கினியில் ஒரு பதுங்கு குழியில் கிடந்து, பில் வின் என்ற அமெரிக்கப் போர்வீரரின் கைக்கு வந்து சேர்ந்தது. அவர் டெங்குவோடு ராணுவ மருத்துவமனையில் கிடந்தபோது நண்பர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நர்ஸ்கள் அதைக் காயம்பட்ட மற்றவர்களிடமும் கொண்டுபோனார்கள். எந்தத் தேர்வும் இல்லை, யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. இன்றைக்கு அப்படி நடக்காது, நடக்கவும் கூடாது.

நாயைத் தடவினால் நோய் குணமாகும் என்பதெல்லாம் நிஜமா? ஆராய்ச்சி ஏதாவது உண்டா, இல்லை மனசுக்கு ஆறுதல் மட்டும்தானா?

நோய் குணமாகாது. அப்படிச் சொல்கிறவரிடமிருந்து தள்ளியே இருங்கள். ஆனால் "ஆறுதல் மட்டும்" என்று சுருக்கவும் வேண்டாம்.

2007-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது சரியான கேள்வியைக் கேட்டது. இதயச் செயலிழப்போடு அனுமதிக்கப்பட்ட 76 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாயோடு தன்னார்வலர், இன்னொன்றுக்குத் தன்னார்வலர் மட்டும், மூன்றாவதற்கு யாரும் இல்லை. வருகை வெறும் 12 நிமிடம். நாய் வந்த குழுவில் பதற்றம் குறைந்தது. நுரையீரல் தமனியின் அழுத்தமும், பதற்றத்தில் கூடும் எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஹார்மோனின் அளவும் இறங்கின. மனிதர் மட்டும் வந்து பேசிவிட்டுப் போனதைவிட நாய் வந்தது கூடுதலாக ஏதோ செய்திருக்கிறது. (தன்னார்வலராக எனக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.) ஆனால் 76 பேர், ஒருமுறை, 12 நிமிடம். அதற்குமேல் அந்த ஆய்வைப் பேச வைக்கக் கூடாது.

யோசனை புதிதும் அல்ல. நெடுநாள் நோயாளிக்குச் சின்னச் செல்லப்பிராணி நல்ல துணை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். 1960-களில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருக்கும்போது பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்குவதைக் கவனித்து எழுதியபோது சக நிபுணர்கள் சிலர் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

நான் கண்ணால் பார்த்தது வேறு மாதிரி. இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர், பிசியோதெரபிஸ்ட் எவ்வளவு கெஞ்சியும் கட்டிலைவிட்டு எழவில்லை. தும்பியின் கழுத்துப்பட்டையில் இரண்டு கயிறு மாட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்தோம், இன்னொன்று என் கையில். "இதை யாராவது நடக்கக் கூட்டிப்போக வேண்டும்" என்றேன். தாழ்வாரத்தின் கோடிவரை போய்த் திரும்பினார். அத்தனை நாளும் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டார்கள், அன்றைக்கு அவர் ஒன்றைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் நர்ஸ். எங்கள் வார்டில் நாயை அனுமதிக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. எனக்குக் கிருமி பயம். என்னைச் சமாதானப்படுத்துங்கள்.

சமாதானப்படுத்த மாட்டேன். உங்கள் பயம் சரியானது, அதை விதியாக மாற்றுங்கள்.

நாய்க்கு நோய் இருக்கிறது என்பதல்ல முதல் கவலை. நாய் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் போகிற ரோமம் உள்ள கை. கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், நோயாளிகளை நக்கிய, அவர்கள் கையிலிருந்து தின்பண்டம் வாங்கித் தின்ற நாய்களிடம் பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியும், கடும் வயிற்றுப்போக்கைத் தரும் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் கிருமியும் அதிகம் தென்பட்டன. அதனால் என் நாய்கள் நக்குவதில்லை, கை கொடுப்பதில்லை, நோயாளி கையிலிருந்து எதுவும் தின்பதில்லை. "ஷேக் ஹேண்ட்" பார்க்க அழகுதான், ஆனால் அந்தப் பாதம் இப்போதுதான் தரையில் இருந்தது.

மருத்துவமனைத் தொற்றுநோயியலுக்கான அமெரிக்கச் சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்தான் நான் கையில் வைத்திருப்பது. தொடும் முன்னும் பின்னும் எல்லாரும் கை சுத்தம் செய்ய வேண்டும், நாயை அழைத்து வருபவரும்தான். வருகைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளியல். ஒரு வருகை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒருவர் ஒரு நாயை மட்டுமே அழைத்து வரலாம். கட்டிலில் ஏறினால் அடியில் ஒரு விரிப்பு, அடுத்த நோயாளிக்கு வேறு விரிப்பு. தனிமைப்படுத்தப்பட்ட அறைக்குள் போகவே கூடாது. டிரிப்ஸ் ஏறும் கைப்பக்கம் போகாமல் மறுபக்கம் நிற்க வேண்டும்.

ஒரு நுணுக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் தன்னார்வலர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது: டிஃபிசிலின் வித்துகளைச் சானிடைசர் கொல்லாது. சோப்பும் தண்ணீரும்தான். உங்கள் வார்டில் வயிற்றுப்போக்கு நோயாளிகள் இருக்கிற வாரம் நாயை வரவேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு அதிகாரம் இருக்க வேண்டும். அந்த அதிகாரம் நர்ஸ்களிடம் இல்லாத வார்டுக்கு நான் போவதில்லை.

பச்சை இறைச்சி போட்டு வளர்க்கிறேன். நாய் மிக ஆரோக்கியமாக இருக்கிறது. பிரச்சினை உண்டா?

உண்டு. சால்மொனெல்லா இருந்தாலும் நாய் ஆரோக்கியமாகவே தெரியும், கிருமி மட்டும் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். கடைசி 90 நாட்களில் பச்சை இறைச்சி தின்ற நாயை அழைத்து வரக் கூடாது என்கிறது அதே வழிகாட்டுதல். உணவா, வார்டா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டு மாதமாகப் போகிறோம். வார்டில் நுழைந்து கொஞ்ச நேரத்தில் என் நாய் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது. வீட்டில் நன்றாகத் தூங்குகிறதே, சோம்பலா?

நல்லவேளை, கவனித்தீர்கள். சோம்பல் இல்லை. தூக்கம் வராத இடத்தில் நாய் விடும் கொட்டாவி பெரும்பாலும் சங்கடத்தின் அடையாளம். தின்பண்டம் எதுவும் இல்லாதபோது உதட்டை நக்குவதும் அதே. தலையைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, ஈரமில்லாமலே உடம்பை உதறுவது, குளிர்ந்த அறையிலும் மூச்சிரைப்பது எல்லாம் இந்த வரிசைதான். ஒன்று தனியாக வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கிளம்பிவிடுங்கள். கட்டிலில் இருப்பவர் அழுதுகொண்டிருந்தாலும் சரி.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. நோயாளியைவிட நாயா முக்கியம் என்கிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ள அந்தக் கட்டிடம் முழுக்க ஆள் இருக்கிறார்கள். நாயைப் பார்த்துக்கொள்ள உங்களைத் தவிர யாரும் இல்லை. நம் பெயர் தன்னார்வலர் பட்டியலில் இருக்கிறது, படிவத்தில் கையெழுத்துப் போட்டது நாம். நாய் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அதன் கொட்டாவிதான் அதன் விண்ணப்பம்.

இதை நான் கற்றது ஒரு தப்பினால்தான். ஆரம்ப காலத்தில் ஒருநாள் குழந்தைகள் வார்டு. ஏழெட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், எல்லாரும் சிரிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். தும்பி என் காலுக்குப் பின்னால் பின்னால் வந்து ஒட்டியது. நான் அதை மெல்ல முன்னால் தள்ளிவிட்டேன். இரண்டு தடவை. மூன்றாவது முறை அது உறுமியது. சின்ன உறுமல்தான், பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தும்பிமேல் தப்பே இல்லை. இரண்டு முறை மரியாதையாகச் சொன்னது.

உங்களுக்கு என் யோசனை: நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வழவழப்பான தரையில் கால் வழுக்குகிறதா பாருங்கள், பல நாய்களுக்குச் சங்கடமே அதுதான். பாதத்தின் அடி ரோமத்தைக் கத்தரித்தால் தீர்ந்துவிடும். வாசல் கதவருகே நின்று கயிற்றைத் தளர்த்திப் பாருங்கள். உள்ளே போக நாய் முதல் அடி வைக்கிறதா? வைக்கவில்லை என்றால் அன்றைக்கு வீட்டுக்கு.

தெரபி நாய் என்ற கோட்டு போட்டுக்கொண்டால் விமானத்திலும் ஓட்டலிலும் விடுவார்களாமே?

மாட்டார்கள். அங்கே விடுவது உதவி நாயை: பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது போன்ற பணிக்காக ஒருவருக்கென்றே பழக்கப்பட்டது. சட்டம் கொடுக்கும் அனுமதி அதற்குத்தான். தெரபி நாய் அழைத்த இடத்துக்கு மட்டும் போகும் விருந்தாளி. கோட்டு வாங்கிப் போட்டு ஏமாற்றுகிறவர்களால் உண்மையிலேயே உதவி நாயை நம்பி வாழ்கிறவர்கள் வாசலில் வாதாட வேண்டியதாகிறது.

நாய்க்குப் பயப்படுகிற நோயாளி இருந்தால்?

நாய் என் பின்னால், நான் மட்டும் வாசலில் நின்று கேட்பேன். "வேண்டாம்" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த அறை. பக்கத்துக் கட்டில்காரருக்கு வேண்டும் என்றாலும், அதே அறையில் ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒவ்வாமைக்கும் இதே பதில்.

வாராவாரம் பார்த்தவர் ஒருநாள் இருக்க மாட்டார் இல்லையா? அதை எப்படித் தாங்குகிறீர்கள்? நாய்க்குத் தெரியுமா?

நாய்க்கு என்ன தெரியும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மிளகு ஒருமுறை காலியான கட்டிலருகே வழக்கம்போல நின்று, கை வராததால் என்னைத் திரும்பிப் பார்த்தது. பழக்கம் என்று சொல்லலாம், வேறு பெயரும் வைக்கலாம்.

நானோ, நன்றாகத் தாங்குவதில்லை. வண்டியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன். ஆனால் ஒன்று செய்ய மாட்டேன்: அவர் என்ன ஆனார் என்று வார்டில் விசாரிக்க மாட்டேன். நோயாளியின் விவரம் நமக்குச் சொந்தமில்லை. அதே காரணத்தால்தான் இங்கே எழுதும்போதும் ஆளை அடையாளம் தெரியாமல் மாற்றிவிடுகிறேன். உங்கள் நாயோடு நோயாளி இருக்கும் படத்தையும் அவர் சம்மதமும் மருத்துவமனையின் சம்மதமும் இல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

என் நாய்க்குப் பத்து வயது. எப்போது நிறுத்துவது?

வயதைப் பார்க்காதீர்கள், நாயைப் பாருங்கள். வார்டுக்குப் போகும்போது தும்பிக்குப் போடுகிற கோட்டை எடுத்தால் ஒரு காலத்தில் வாசலுக்கு ஓடும். அப்புறம் நடந்து வந்தது. அப்புறம் கோட்டை எடுத்தால் மேசைக்கடியில் போய்ப் படுத்தது. மூட்டுவலி என்றார் கால்நடை மருத்துவர், கூடவே காதும் மந்தம். பின்னால் இருந்து ஒரு கை தொட்டால் திடுக்கிடத் தொடங்கிவிட்டது. அந்த வாரமே நிறுத்தினேன். வார்டில் ஒரு பாட்டி மட்டும் மிளகைப் பார்க்கும்போதெல்லாம், "பழையவன் எங்கே?" என்று கேட்பார். சோபாவில் இருக்கிறான் என்பேன். ஏற விடாத சோபா அது, ஓய்வு பெற்றபின் விட்டுக்கொடுத்துவிட்டேன்.