மிட்ஷிப்மன் என்றால் மாலுமியா, அதிகாரியா?

கேள்வி: என் தங்கையின் மகன் இங்கிலாந்துக் கடற்படையில் மிட்ஷிப்மனாக இருக்கிறான். எங்கள் சனசமூக நிலைய ஆண்டு மலரில் அவனுக்கு வாழ்த்து எழுதப் போகிறோம். 'மாலுமி' என்று போடுவதா, 'அதிகாரி' என்று போடுவதா?
– வாசகர் ஒருவர், வல்வெட்டித்துறை

பதில்: மாலுமி என்று போடாதீர்கள். உங்கள் மருமகன் அதிகாரி வரிசையில் நிற்கிறார். அதில் ஆகக் கீழேயுள்ள படிதான், ஆனால் அடுத்த படி சப் லெப்டினன்ட், அதற்கு மேலே லெப்டினன்ட்.

இந்தக் குழப்பம் வருவதில் வியப்பில்லை. 17ஆம் நூற்றாண்டில் மிட்ஷிப்மன் என்றால் உண்மையிலேயே மாலுமிதான். கப்பலின் நடுப்பகுதியில் நின்று வேலை பார்த்த, நல்ல அனுபவமுள்ள ஆள். 1677இல் லெப்டினன்ட் பதவிக்குப் பரீட்சை வந்தது. மிட்ஷிப்மனாக வேலை செய்திருந்தால்தான் அந்தப் பரீட்சையில் கலந்துகொள்ளலாம். அதன் பிறகு, அதிகாரியாக விரும்பிய வசதியான வீட்டுப் பையன்கள் அந்த இடத்துக்கு வரத் தொடங்கினார்கள். உங்கள் ஊர்ப் பாய்க்கப்பல்களில் தண்டையலுக்கு (கப்பல் தலைவருக்கு)க் கீழே நின்று தொழில் பழகிய மாதிரித்தான்: மதியச் சூரியனை அளந்து கப்பல் நிற்கும் இடத்தைக் கணிப்பது, சிறு படகுகளை நடத்துவது, காவல் முறை பார்ப்பது எல்லாம் கடலிலேயே கற்றார்கள்.

பின்னாளில் புகழ்பெற்ற பிரித்தானியக் கடற்படைத் தளபதியான நெல்சனும் இப்படி வந்தவர்தான். 1771இல், 12 வயதில், தாய்மாமன் கப்டனாக இருந்த கப்பலில் ஏறினார். 1777இல் லெப்டினன்ட் பரீட்சையில் தேறினார். பரீட்சித்த குழுவிலும் அந்த மாமன் இருந்தார்! திறமையோடு சொந்தக்காரரின் தயவும் தேவைப்பட்ட காலம் அது. இன்று உங்கள் பிள்ளை கடற்படை அதிகாரிகளைப் பயிற்றும் டார்ட்மத் கல்லூரிக்கான தெரிவில் தானே தேறி வந்திருக்கிறார். அதை மலரில் கட்டாயம் எழுதுங்கள்.

படம் போடுவதென்றால் சீருடையின் கழுத்துப்பட்டியைப் பாருங்கள். இரு பக்கமும் சின்ன வெள்ளைத் துண்டும் அதில் ஒரு பொத்தானும் இருக்கும். 18ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் அடையாளம் அது. கைமுனையில் தங்கப் பட்டி இருக்காது. சப் லெப்டினன்ட் ஆனதும் வளையத்தோடு ஒரு பட்டி வரும்.

நாட்டின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். அமெரிக்காவில் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரி மாணவர்களுக்கே மிட்ஷிப்மன் என்றுதான் பெயர், படித்து வெளியேறிக் கடற்படையில் சேர்ந்தால் என்சைன் என்ற அதிகாரிப் பதவி. இலங்கைக் கடற்படையில் கடெற் அதிகாரிக்கு (பயிற்சிக்குச் சேர்ந்தவருக்கு) அடுத்த படிதான் மிட்ஷிப்மன். ஆகவே 'பிரித்தானியக் கடற்படையில் மிட்ஷிப்மன், பயிற்சிநிலை அதிகாரி' என்று எழுதினால் சரி.