ஃபயர்வால் ரீஸ்டார்ட் ஆகவில்லையா? மறுபடி ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் அலுவலக சர்வரில் டெபியன் 12 லினக்ஸ் ஓடுகிறது. வயர்கார்டு வி.பி.என்.னுக்காக என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வாலில் ஒரு வரி சேர்த்தேன். அதிலிருந்து சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஓ.எஸ்.ஸையே புதிதாகப் போட வேண்டும் என்கிறார் பராமரிப்புக்கு வருபவர். போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கோளாறு நீங்கள் சேர்த்த அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. டெபியனில் இந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் முதலில் பழைய விதிகள் எல்லாம் துடைக்கப்படும், பிறகுதான் விதிகள் எழுதிய கோப்பு ஏறும். கோப்பில் ஒரு பிழை இருந்தாலும் எதுவும் ஏறாது. 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' கொடுத்துப் பாருங்கள். வெறுமையாக வந்தால் இந்த நிமிடம் உங்கள் சர்வருக்குக் காவலே இல்லை. புது வரியின் தலையில் # போட்டுவிட்டு உடனே ஸ்டார்ட் கொடுங்கள்.

இனி பிழையைத் தேடலாம். 'கன்ட்ரோல் பிராசஸ் எக்சிட்டட்' என்று திரையில் வரும் செய்தியால் யாருக்கும் பயனில்லை. இத்தனை வருடம் கழித்தும் காரணத்தை நேராகச் சொல்ல, சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டிக்கு மனம் வரவில்லை! என்எஃப்டி கட்டளைக்குப் பின் -சி -எஃப் என்று போட்டு, விதிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். எதையும் மாற்றாமல் சோதித்து, பிழை எந்த வரியில், எந்த எழுத்தில் என்று காட்டும்.

உங்கள் வரியில் 'ஐஐஎஃப்' என்று எழுதியிருப்பீர்கள் என்பது என் கணிப்பு. எந்த நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் வழியாக டிராஃபிக் உள்ளே வருகிறது என்று பார்க்கும் சொல் அது; விதி ஏறும் நேரத்தில் அந்த இன்டர்ஃபேஸ் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்கும். வயர்கார்டு எழும்பாதபோது மொத்தக் கோப்பும் நிராகரிக்கப்படும். 'ஐஐஎஃப்நேம்' என்று மாற்றுங்கள், தீர்ந்தது. வி.பி.என். ஓடும்போது சோதித்தால் பழைய வரியும் தேறிவிடும். ரீபூட்டில்தான் மாட்டுவீர்கள், ஏனென்றால் ஃபயர்வால் நெட்வொர்க்குக்கு முன்பே எழுகிறது. ஐ.பி. எண்ணுக்குப் பதில் டொமைன் பெயர் எழுதியவர்களுக்கும் இதே கதிதான்.

இனிமேல் ரீஸ்டார்ட் வேண்டாம், ரீலோட் கொடுங்கள். பிழை இருந்தால் பழைய விதிகள் அப்படியே நிற்கும்.

டாக்கர் (செயலிகளைக் கண்டெய்னர் எனும் தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் சர்வர் மட்டும் தனிக் கதை. டாக்கரும் தன் விதிகளை இதே இடத்தில்தான் வைக்கிறது. கோப்பின் தலையில் 'ஃப்ளஷ் ரூல்செட்' இருந்தால் ரீலோட்கூட அவற்றைத் துடைத்துவிடும். கண்டெய்னர்கள் ஓடும், வெளியிலிருந்து எட்டாமல் போகலாம். டாக்கரை ரீஸ்டார்ட் செய்தால் விதிகள் திரும்பும். நிரந்தரமாகத் தீர, அந்த வரியை எடுத்துவிட்டு உங்கள் டேபிளை (உங்கள் விதிகள் அடங்கிய தொகுப்பை) மட்டும் ஃப்ளஷ் செய்யும்படி எழுதுங்கள். அந்த டேபிளை அதற்கு முந்தைய வரியில் வெறுமனே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் தடவை 'டேபிளே இல்லை' என்று பிழை வரும்.

சரிசெய்து தருகிறேன் என்று வாட்ஸப்பில் ரூட் (சர்வரில் முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்டு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். அப்படிப் பலர் செய்வது ஃபயர்வால் சர்வீஸை டிஸேபிள் செய்வது மட்டுமே: பிழைச் செய்தி போய்விடும், கூடவே காவலும் போய்விடும், பில் மட்டும் வரும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய உதவும் சாவிகள் ரூட்டின் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் இருக்கும்; அதில் தெரியாத சாவி இருந்தால் நீக்குங்கள்.