எஸ்போசிட்டோ என்ற பெயர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவை வாசகர்: எஸ்போசிட்டோ குடும்பத்தார் எல்லோரும் ஒரே வம்சமா?

இல்லவே இல்லை. இத்தாலியின் நாப்போலியில் (நேப்பிள்ஸ்) அனுன்சியாட்டா ஆலயத்தை ஒட்டி ஓர் அனாதை இல்லம் இருந்தது. தெருப்பக்கச் சுவரில் ஒரு திறப்பு, அதற்குள் சுழலும் மர உருளை. குழந்தையை வைத்துச் சுற்றினால் உள்ளே போய்விடும். வைத்தவர் முகம் யாருக்கும் தெரியாது. எத்தனை மணிக்கு வந்தது, என்ன துணி சுற்றியிருந்தது, கழுத்தில் என்ன கிடந்தது என்று பதிவேட்டில் எழுதுவார்கள். சில தாய்மார்கள் பாதியாக வெட்டிய பதக்கத்தைக் கட்டி விடுவார்கள். மறுபாதியோடு ஒருநாள் வந்து பிள்ளையைக் கேட்கலாம் என்ற நம்பிக்கைதான். இப்படி விடப்பட்ட பிள்ளைகளுக்கு வைத்த குடும்பப் பெயர் இது, பொருளும் அதுவே. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாப்போலி மன்னர் முராவின் ஆட்சியில், இந்தப் பெயர் வைப்பதை நிறுத்தினார்கள். உருளை 1875-இல் மூடப்பட்டது. பெயர் ஒன்றானால் ரத்தம் ஒன்றாகிவிடாது.

மதுரை வாசகர்: நடிகர் ஜியான்கார்லோ எஸ்போசிட்டோவும் ஹாக்கி வீரர் பில் எஸ்போசிட்டோவும் சொந்தக்காரர்களா?

பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

திருச்சி வாசகர்: மிலானில் அனாதைப் பிள்ளைகளுக்குக் கொலம்போ என்று பெயர் வைத்தார்களாமே. அப்படியானால் கொலம்பஸ்?

மிலான் செய்தி சரி. அங்கே பிள்ளைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா, கொலம்போ என்றால் புறா, பெயர் அதிலிருந்து வந்தது. கொலம்பஸ் (இத்தாலியில் கொலம்போ) ஜெனோவாக்காரர், கம்பளி நெசவாளர் தொமேனிக்கோவின் மகன். திரும்பவும் சொல்கிறேன்: பெயர் ஒன்றானால் ரத்தம் ஒன்றாகிவிடாது.

டொரொன்டோ வாசகி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா பெயரை எல்லிஸ் தீவு (நியூயார்க்கில் குடியேறிகளைச் சோதித்த நிலையம்) அதிகாரி வெட்டிச் சுருக்கிவிட்டாராம்.

எல்லா வீட்டிலும் இந்தக் கதை உண்டு. 1892-இல் அந்த நிலையம் திறந்தபோதே முறை தெளிவாக இருந்தது. பயணிகள் பட்டியலைக் கப்பல் கம்பெனிக்காரர்கள் புறப்படும்போதே எழுதிவிடுவார்கள். தீவில் இருந்தவர்கள் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் வாசகர்: படங்களில் காட்டுகிறார்களே! அத்தனை குடும்பங்களும் பொய்யா சொல்கின்றன?

பொய் என்று நான் சொல்லவில்லை. பெயர் மாறியது உண்மை, மாறிய இடம்தான் வேறு. வேலை கேட்டுப் போன இடத்தில், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது, குடியுரிமை மனுவில், பெரும்பாலும் அவர்களே மாற்றிக்கொண்டார்கள். தீவு அதிகாரியைத் திட்டிக்கொண்டிருந்தால் அந்த மனுவைத் தேடவே மாட்டீர்கள். எனக்கு வருத்தம் அதுதான்.

சேலம் வாசகர்: எஸ்போசிட்டோக்கள் எல்லோரும்...

முதல் பதில்.

சென்னை வாசகர்: வம்சாவளி வழியாக இத்தாலியக் குடியுரிமை?

2025-இல் விதிகள் இறுகிவிட்டன. வழக்கறிஞரைக் கேளுங்கள்.

புதுச்சேரி வாசகர்: முன்னோர் பதிவுகளை எங்கே தேடுவது?

இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'ஆன்டெனாட்டி' தளத்தில், இலவசம். நாப்போலி பக்கம் பிறப்புப் பதிவுகள் 1809-இலிருந்தே தொடங்குகின்றன. ஆனால் ஊர் தெரியாமல் உள்ளே போகாதீர்கள். இந்தப் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும்.

டொரொன்டோ வாசகி: கப்பல் பட்டியலில் கொள்ளுப்பாட்டியைக் காணோம்.

கணவர் பெயரில் தேடியிருப்பீர்கள். இத்தாலிய ஆவணங்களில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள். அதைப் போட்டுத் தேடிவிட்டு எழுதுங்கள்.