ஊர் ஏக்கம் மட்டும்தானா?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஏழு வருடமாக ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். போன வாரம் இங்கே ஒரு ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குப் போனேன். அமெரிக்கா போன ஐரோப்பியர்களின் இசை. முதலில் ட்வோர்ஷாக்கின் 9ஆம் சிம்பொனி, இடைவேளைக்குப் பிறகு பார்டோக்கின் ‘கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா’. சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் அழுதுவிட்டேன். அது கறுப்பின மக்களின் பழைய பாட்டு என்றார் பக்கத்து இருக்கைக்காரர். பார்டோக் பிடிபடவில்லை. வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதிய இசை எல்லாமே ஊர் ஏக்கம்தானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த மெட்டு ட்வோர்ஷாக் தானே போட்டது. சிம்பொனி முதலில் ஒலித்தது 1893 டிசம்பரில், நியூயார்க் கார்னகி ஹாலில். 1922இல்தான் அவருடைய மாணவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் அந்த மெட்டுக்கு வார்த்தை எழுதினார். பாட்டு பரவப் பரவ, மெட்டே பழசு என்று பலரும் நம்பிவிட்டார்கள்.

ஆனால் நம்பியதற்குக் காரணம் உண்டு. செக் நாட்டிலிருந்து வந்து ட்வோர்ஷாக் இயக்குநராக இருந்த நியூயார்க் இசைக் கல்லூரியில் ஹாரி பர்லி என்ற கறுப்பின மாணவர் படித்தார். அடிமையாக இருந்து விடுபட்ட, பார்வை இழந்த தன் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்த பாட்டுகளை அவர் ட்வோர்ஷாக்குக்குப் பாடிக் காட்டினார். சம்பளத்துக்கு வந்த இடத்தில், ஒரு மாணவனை உட்காரவைத்துப் பாடச் சொல்லிக் கேட்ட மனிதர் அவர். நீங்கள் அழுதது அவருடைய ஊர் ஏக்கத்துக்காக மட்டும் இருக்காது. அந்த மெட்டை வாசிக்கிற இங்கிலீஷ் ஹார்ன் என்ற ஊதுவாத்தியத்தில் பர்லியின் வீட்டுக் குரலும் கலந்திருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

சரி, பார்டோக். இவர் சம்பளத்துக்கு வந்தவர் இல்லை. நாஜி ஜெர்மனியின் பக்கம் சாய்ந்த தன் நாடு ஹங்கேரியின் போக்கு பொறுக்காமல் 1940இல் கிளம்பி வந்தவர். வந்த பிறகு புதிதாக ஏறக்குறைய எதுவுமே எழுதவில்லை. 1943இல் மருத்துவமனையில் கிடந்தபோது பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர் கௌசெவிட்ஸ்கி நேரில் போய், ஆயிரம் டாலருக்கு ஒரு படைப்பு கேட்டார். அதற்குப் பின்னால் இருந்தது சக ஹங்கேரியர்களான வயலின் கலைஞர் சிகெட்டியும் நடத்துநர் ரெய்னரும். அந்த ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்து சாரனாக் லேக் என்ற ஊரில் ஆரம்பித்து, அக்டோபர் 8க்குள் முடித்துவிட்டார்.

அதன் இரண்டாம் பகுதியை மட்டும் ஒருமுறை தனியாகக் கேளுங்கள். சைட் டிரம் என்ற சிறிய மேளம் தனியாகத் தட்டி ஆரம்பிக்கும். அப்புறம் ஊதுவாத்தியக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வருவார்கள். இரண்டு பாசூன்கள் ஒரே மெட்டை ஆறாம் சுர இடைவெளி விட்டு, ஓபோக்கள் மூன்றாம் இடைவெளியில், கிளாரினெட்டுகள் ஏழில், புல்லாங்குழல்கள் ஐந்தில். கடைசியாக வாய் அடைத்த டிரம்பெட்கள், ஒன்றோடொன்று உரசுகிற இரண்டாம் இடைவெளியில். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நடை, ஒரு குணம். நடுவில் பித்தளை வாத்தியங்கள் பிரார்த்தனை போல ஒன்றை வாசித்துவிட்டுப் போகும். பிறகு ஜோடிகள் திரும்பும், கடைசியில் மறுபடி மேளம் மட்டும்.

எதிரே உட்காரப்போகிற வாத்தியக்காரர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று தெரிந்தவர் எழுதியது இது. ஆளுக்கு ஆள் முன்னால் வந்து வாசிக்க இடம் கொடுத்திருக்கிறார். வழக்கமாக கான்செர்ட்டோவில் ஒருவர்தான் தனித்து முன்னால் வாசிப்பார்; இங்கே ஆர்கெஸ்ட்ரா முழுதுக்கும் அந்த இடம். தலைப்பின் பொருளே அதுதான். ரத்தப் புற்றுநோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தபோது இத்தனை பேருக்கு இத்தனை விதமாக வேலை வைத்திருக்கிறாரே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அதைக் கேட்க அவர் அரங்கில் இருந்தார். அடுத்த செப்டம்பரில் நியூயார்க்கில் இறந்தார்.

ஏக்கமும் இருக்கிறது, நான்காம் பகுதியில். ஹங்கேரி அழகு என்று பாடுகிற ஓர் ஆபரெட்டா (இலகுவான இசை நாடகம்) மெட்டின் சாயலில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாக்கள் ஒரு மெட்டை இழைக்கும். திடீரென்று கூச்சலும் கேலியும் புகுந்து அதை அறுத்துவிடும். இரைச்சல் அடங்கியதும் அதே மெட்டு, இன்னும் தாழ்ந்த குரலில், திரும்ப வரும்.