2603ஆம் ஆண்டில் எடுத்த படம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் இருந்து எழுதுகிறேன். சில மாதங்களுக்கு முன் எங்கள் பாட்டி தவறிவிட்டார். வீட்டை ஒழித்தபோது அவருடைய அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே முழுக்கப் பழைய படங்கள்.

ஒரு படத்தில் காக்கி உடை அணிந்த இளைஞர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தாத்தாவின் தம்பி என்றும், நேதாஜி படையில் இருந்தவர் என்றும் மாமா சொல்கிறார். பின்புறம் பென்சிலில் '2603' என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஸ்டூடியோவின் பதிவு எண்ணாக இருக்கும் என்று நினைக்கிறேன். இன்னொன்று ரப்பர்த் தோட்டத்தில் எடுத்த பெரிய குழுப்படம், கெட்டி அட்டையில் ஒட்டியது. துரையும் (தோட்ட மேலாளர்) கிராணிமாரும் (அலுவலக எழுத்தர்கள்) நாற்காலிகளில் இருக்கிறார்கள், பின்னால் தொழிலாளர்கள். அதில் தானும் இருப்பதாகப் பாட்டி சொல்வார். எந்த முகம் என்று நாங்கள் கேட்டு வைக்கவில்லை.

தாத்தாவின் அண்ணன் ஜப்பான்காரன் காலத்தில் சயாம் (தாய்லாந்து) ரயில் போடப் போய்த் திரும்பி வரவில்லை. அவருக்கு ஒரு படம்கூட இல்லை. அந்த ரயில்பாதைப் படங்களை இணையத்தில் இரவெல்லாம் தேடிப் பார்க்கிறேன். யாரென்று தெரியாத முகங்களில் அவரைத் தேடுவது வீண் வேலையா? தாத்தாவின் படத்தை வைத்துக் கணினியில் அவர் முகத்தை உருவாக்கிவிடலாம் என்கிறான் என் தம்பி. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டு டின்னைத் தூக்கிப் போடலாம் என்பதும் அவன்தான். போர்க்கால வரலாறு என்றால் தளபதிகளும் சரணடைவுகளும்தானே? எங்கள் வீட்டுப் படங்களுக்கு அதில் என்ன இடம்?

பாட்டியின் தங்கை பந்திங்கில் இருக்கிறார். தொண்ணூறைக் கடந்தவர். நினைவு நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
ம., செந்தூல்

அன்புள்ள ம.,

டின்னைத் தூக்கிப் போட வேண்டாம். மற்ற எதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

'2603' என்பது ஓர் ஆண்டு. ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் (1942-45) மலாயாவில் ஆண்டுக் கணக்கும் மாறியது. ஜப்பானின் முதல் பேரரசர் அரியணை ஏறியதாகச் சொல்லப்படும் ஆண்டிலிருந்து எண்ணும் கணக்கு அது. நாம் வழக்கமாக எழுதும் ஆண்டோடு 660ஐக் கூட்டினால் கிடைத்துவிடும். 1942 என்பது 2602. ஆக, உங்கள் படம் 1943இல் எடுத்தது. சிங்கப்பூரின் பெயர் சியோனான் ஆனது. கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். ஒரு வீட்டுப் படத்தின் முதுகில் யாரோ பென்சிலில் எழுதிய நான்கு இலக்கங்கள் வரை அந்த ஆட்சி வந்து சேர்ந்திருக்கிறது. எந்தத் தளபதியின் படத்திலும் இந்தச் செய்தி கிடைக்காது.

மாமா சொல்வதோடு ஆண்டு ஒத்துப்போகிறது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் தமிழர்கள் திரளாகப் படையில் சேர்ந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஜான்சி ராணிப் படைக்கு, அதாவது அதன் பெண்கள் பிரிவுக்கு, போன ஜானகி தேவரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அவசரப்பட வேண்டாம். காக்கி உடையைப் போலீஸ்காரர்களும் தொண்டர் படையினரும்கூட அணிந்தார்கள். படத்தை நல்ல அடர்த்தியில் ஸ்கேன் செய்து தோள்பட்டை, தொப்பி, பொத்தான்கள், சட்டைப் பையின் மேல்பகுதி ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதுவரை குறிப்பில் 'மாமா சொன்னது' என்றே எழுதி வையுங்கள். பின்னால் வருபவருக்கு, யார் சொன்னது என்பதும் தேவைப்படும்.

ஒரு பழைய படம் கைக்கு வந்தால் அதில் யார் இருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன்பு, அதை எடுக்க யார் காசு கொடுத்தார் என்று கேட்பது என் வழக்கம். இந்தக் காக்கிப் படத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள். கோடாக், இல்ஃபோர்டு தாள்கள் கப்பலில் வந்த பொருள்கள். 1942க்குப் பிறகு அந்தக் கப்பல்கள் இங்கே வரவில்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று, துணி கிடைக்காமல் சாக்கை உடுத்திக்கொண்டிருந்த காலம். கையில் இருந்த வாழைமர நோட்டின் (ஜப்பானியர் அச்சிட்ட பணம்) மதிப்போ நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஓர் இளைஞர் ஸ்டூடியோவுக்குப் போய், இருக்கிற நல்ல உடையை உடுத்தி, தனக்கென்று ஒரு படம் எடுத்து வீட்டில் கொடுத்திருக்கிறார். எங்கோ புறப்படும் முன் எடுத்ததாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. சின்னப் பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் படியுங்கள். கோலாலம்பூரின் தெருப் பெயர்கள் நமக்குப் பெரிய உதவி. ஜாவா ஸ்ட்ரீட் போருக்குப் பிறகு மவுண்ட்பேட்டன் ரோடு ஆனது, பின்னர் ஜாலான் துன் பேராக் ஆனது. பத்து ரோடுதான் இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். முத்திரையில் மவுண்ட்பேட்டன் பெயர் இருந்தால் அந்தப் படம் போருக்கு முந்தையதாக இருக்க முடியாது.

இப்போது குழுப்படம். உங்கள் டின்னிலேயே எனக்கு மிக முக்கியமானதாகப் படுவது இதுதான். துரை மாற்றலாகிப் போகும்போதோ பெரிய கிராணி ஓய்வு பெறும்போதோ எடுத்த பிரியாவிடைப் படமாக இருக்க வேண்டும். நகரத்திலிருந்து போட்டோக்காரரை வரவழைத்து எடுப்பார்கள். செலவு தோட்டத்தினுடையது, அல்லது கிராணிமார் தங்களுக்குள் பிரித்துக்கொண்டது. இப்படிப்பட்ட படங்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தோட்டம் மாறும், துரை மாறுவார், வரிசை மாறாது. நடுவில் மாலையோடு துரை. இரு பக்கமும் நாற்காலிகளில் கிராணிமார், டிரஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்), தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவர்களுக்குப் பின்னால் தலைப்பாகையும் கோட்டுமாகக் கங்காணிகள் (தொழிலாளர்களை மேய்ப்பவர்கள்). அதற்கும் பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நிற்கும் ஆண்கள். பெண்கள் ஓரங்களில் நிற்பார்கள், இல்லாவிட்டால் தரையில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பார்கள். அட்டையின் அடியில் அச்சிட்ட பெயர்கள் நாற்காலியில் இருப்பவர்களோடு நின்றுவிடும்.

பெயர் இல்லாத மற்றவர்கள்தான் பால் மரம் சீவியவர்கள். தோட்டமே அவர்கள் கையில்தான் நடந்தது. அவர்களில் ஒருவருடைய பெயர்கூட அந்த அட்டையில் இல்லை என்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் பெயர் இல்லாவிட்டாலும் படம் பேசும். கால்களைப் பாருங்கள். எந்த வரிசையோடு செருப்பு முடிகிறது என்று தெரியும். வயதான பெண்களின் காதுகளைப் பாருங்கள். பாம்படமோ தண்டட்டியோ தொங்கினால் அந்தக் குடும்பம் தென் மாவட்டங்களிலிருந்து வந்திருக்கக்கூடும். ரவிக்கையின் கை எப்படித் தைத்திருக்கிறது, பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சட்டை இருக்கிறது என்று கவனியுங்கள். பின்னணியில் தெரிவது லயமா (தொழிலாளர் வீட்டு வரிசை), ஸ்டோரா, பிரட்டுக் களமா (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்)? படமெடுக்கும் அந்த நேரத்துக்காகத் தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டியிலிருந்த சேலையை எடுத்துக் கட்டி வந்திருக்கிறார்கள். யாரோ ஒருவருடைய பிரியாவிடைக்கு நின்ற படம்தான். இருந்தாலும் அவர்கள் தங்களுக்காகவும் நின்றிருக்கிறார்கள்.

நேர்முகமாக, சிரிப்பே இல்லாமல், தோள் வரை வெட்டிய சின்னப் படங்கள் டின்னில் இருக்கிறதா? கம்யூனிஸ்டுகளின் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் 1948 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் பதிவு செய்துகொண்டு, படமும் கைநாட்டும் உள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தோட்டத்து ஆட்களில் எத்தனையோ பேருக்கு வாழ்க்கையின் முதல் படம் அதுதான். அரசாங்கம் ஆளைக் கண்காணிப்பதற்காக எடுக்க வைத்தது. அந்தப் படத்தையே பிற்காலத்தில் பிள்ளைகள் பெரிதாக்கி, பொட்டு வரைந்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள்.

தளபதிகளையும் சரணடைவுகளையும் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தப் படங்களும் தேவைதான். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. துப்பாக்கியோடு நம் தெருக்களில் முன்னேறும் வீரர்களை ஜப்பானியத் தரப்பு படமெடுத்தது. 1945 செப்டம்பர் 13இல் விக்டோரியா கல்விக்கூடத்தில் ஜப்பானியத் தளபதி சரணடைந்ததைப் பிரிட்டிஷ் தரப்பு படமெடுத்தது. இரண்டுக்கும் காசு கொடுத்தவை இராணுவங்கள். தம் வெற்றியை ஊருக்குக் காட்டுவது நோக்கம். ஊர்க்காரர்கள் அவற்றில் வேடிக்கை பார்க்கும் கூட்டமாகத்தான் வருவார்கள்.

ரயில் பணிமனைகள் இருந்த உங்கள் செந்தூலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூரின் ரயில் பணிமனைகளைத் தாக்கின. குண்டு வீசும் விமானங்களிலிருந்து எடுக்கும் படங்களில் கூரைகளும் தண்டவாளங்களும் புகையும் இருக்கும். கூரைக்குக் கீழே இருந்தவர்கள் இருக்கமாட்டார்கள். மார்ச் 10ஆம் தேதித் தாக்குதலில் சிலாங்கூர் அருங்காட்சியகமும் சிதைந்தது. தேசிய அருங்காட்சியகம் இன்று அந்த இடத்தில்தான் நிற்கிறது. ஆகவே வீட்டு அலமாரியில் தப்பிப் பிழைத்ததை நாம் அற்பமாக எண்ண முடியாது.

உங்கள் பெரிய தாத்தாவுக்கு வருகிறேன். போரின்போது ஜப்பானியர்கள் போட வைத்த சயாம்-பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் 180,000க்கும் அதிகம் என்றும், அவர்களில் ஏறத்தாழ 90,000 பேர் மடிந்திருக்கலாம் என்றும் கணிக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அவர்களில் பெரும் பகுதி. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசை வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. படங்களிலும் இதே நிலைதான். ஜார்ஜ் ஆஸ்பினால் என்ற ஆஸ்திரேலியக் கைதி ஒளித்து வைத்திருந்த கேமராவால் உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்தார். ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையத் தொகுப்பைப் பார்த்திருப்பீர்கள். கைதிகளின் படத்துக்குக் கீழே பெயர், படை எண், படைப்பிரிவு என்று பலவும் இருக்கும். ஆசியத் தொழிலாளர் படங்களில் பெரும்பாலும் இனத்தின் பெயர் மட்டும் இருக்கும்.

அந்த முகங்களில் அவரைத் தேடுவது வீண் வேலையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. தேடுங்கள். அவரைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்களையும் யாரோ ஒரு வீட்டில் இன்றும் தேடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் நின்று பார்க்கும் ஒவ்வொரு முகமும் இன்னொருவருடைய பெரிய தாத்தா.

கணினியில் முகம் உருவாக்குவதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். தம்பி பாசத்தில்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் வருவது உங்கள் பெரிய தாத்தாவின் முகமாக இருக்காது, யாருடையதும் அல்லாத ஒரு முகமாக இருக்கும். சுவரில் மாட்டிவிட்டால் இரண்டு தலைமுறையில் அதுவே அவர் என்றாகிவிடும். படமே இல்லை என்பதும் அவருக்கு நடந்த கொடுமையின் ஒரு பகுதி. அதை மூடி மறைக்கக் கூடாது. ஒரு வெள்ளை அட்டையை எடுத்து அவர் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், புறப்பட்ட ஆண்டு, கூடப் போனவர்கள், யார் கடைசியாகப் பார்த்தார் என்று தெரிந்தவரை எழுதுங்கள். டின்னில் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் அதை வையுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிறம் ஏற்றுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சேலை என்ன நிறம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. சின்னப் பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். ஒட்டும் தாள் உள்ள ஆல்பங்களில் வைக்காதீர்கள், பசை படத்தைத் தின்றுவிடும். செலோடேப்பும் லேமினேஷனும் வேண்டாம். பின்னால் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, அமிலம் இல்லாத தாள் உறைகள் நல்லது. டின் துருப்பிடித்திருந்தால் பெட்டியை மாற்றலாம், படங்கள் எந்த அடுக்கில் இருந்தன என்று குறித்துக்கொண்டு. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் தனியார் தொகுப்புகளையும் ஏற்றுக்கொள்கிறது. குழுப்படத்தின் நல்ல பிரதி ஒன்று அங்கே போவது நல்லது, பெயர்களோடு போனால் மிகவும் நல்லது.

ஆகவே ஸ்கேன் வேலை கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் பந்திங்குக்குப் போங்கள், இந்த வார இறுதியிலேயே. குழுப்படத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், அவர் விரல் வைத்துக் காட்ட வசதியாக இருக்கும். போனவுடனே கேள்வி கேட்காமல் படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவர் அனுமதித்தால் பேச்சைப் பதிவு செய்யுங்கள். உங்கள் பாட்டி எந்த முகம் என்று கேட்பீர்கள். கேட்டதோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் நிற்பவர் யார், அதற்குப் பக்கத்தில் யார், அவருடைய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். கிடைக்கும் பெயர்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். நீங்களும் அவரும் சம்மதித்தால் படத்தையும் பெயர்களையும் இங்கே வெளியிடுகிறேன். அதே தோட்டத்துக் குடும்பங்கள் யாராவது பார்த்து எழுதக்கூடும்.

அன்புடன்